நெடுஞ்சாலையில் மெட்ரோ: கால்வாயின் மட்டத்தை இப்போதே குறித்து வையுங்கள்

சுங்குவார்சத்திரம் அருகே ஒரு கிராமத்தில் மண் பரிசோதனை விளக்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நவரை நெல்லுக்குத் துத்தநாகக் குறைபாடு பற்றிப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. பத்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "சார், சிங்க் சல்பேட் இருக்கட்டும். மெட்ரோ ரயில் வருதுன்றாங்களே, தூண் எங்க கழனியில வருமா, ரோட்டுல வருமா? அதைச் சொல்லுங்க" என்றார். கூட்டம் அதன் பிறகு அந்தத் திசையிலேயே போனது. நான் ரயில் பொறியாளன் அல்ல, உழவியல் படித்தவன். ஆனால் அன்று எழுந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மண்ணையும் தண்ணீரையும் பற்றியவை. அவற்றுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் திட்டம் என்னவென்று பார்ப்போம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரையிலான நான்காம் வழித்தடம் 26.1 கி.மீ. நீளமானது. அதை பூந்தமல்லியிலிருந்து சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை நீட்டுவதே புதிய திட்டம். மொத்த நீளம் 52.94 கி.மீ. முதல் பகுதியாக சுங்குவார்சத்திரம் வரை 27.9 கி.மீ. தூரத்துக்கு, 8,779 கோடி ரூபாய் மதிப்பீட்டில், தமிழக அரசு 2025-இல் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. கொள்கை அளவிலான ஒப்புதல் என்றால் நாளையே பொக்லைன் வந்து நிற்கும் என்று பொருளல்ல. மத்திய அரசின் ஒப்புதல், கடன், நில எடுப்பு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. பரந்தூர் விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். அந்தப் பதிமூன்று கிராமங்களின் கேள்வியை இந்த ஒரு பக்கத்தில் அடக்க முடியாது. இங்கே நெடுஞ்சாலை ஓரத்து நிலங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். நெடுஞ்சாலையை ஒட்டி ரயில் பாதை போடுவதன் காரணமே நில எடுப்பைக் குறைப்பதுதான். உயர்த்தப்பட்ட பாதையின் தூண்கள் கூடியவரை சாலையின் நடுத்திட்டிலோ, சாலைக்கென ஏற்கெனவே எடுத்த நிலத்திலோதான் நிற்கும். நிலையங்கள் வரும் இடத்தில் இருபுறமும் படிக்கட்டு, மின்தூக்கி, வாகன நிறுத்தம் என்று கொஞ்சம் நிலம் கேட்கும். பெரிய அளவில் நிலம் கேட்பது பணிமனை. பூந்தமல்லியில் கட்டிய பணிமனை சுமார் 40 ஏக்கர். நம் பக்கம் 40 ஏக்கர் என்பது ஒரு சிற்றேரியின் ஆயக்கட்டு முழுவதும். எனவே தூண் எங்கே வரும் என்று கேட்பதைவிட, பணிமனை, துணை மின்நிலையம், தூண்களின் மேல் வைக்கும் கான்கிரீட் பாகங்களை வார்க்கும் தற்காலிகக் களம் ஆகியவை எங்கே வரும் என்று கேளுங்கள். வார்ப்புக் களத்துக்குப் பெரும்பாலும் நிலத்தைக் குத்தகைக்குத்தான் எடுப்பார்கள். அதனால் அது நில எடுப்புக் கணக்கிலேயே வராது. ஆனால் மண்ணுக்கு அதிகச் சேதம் அங்கேதான்.

மேட்டில் வைத்த குழாய்

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். வட மாவட்டம் ஒன்றில் எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் முப்பது சென்ட் நஞ்சை இருந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்தது. எங்கள் நிலத்தைக் குறுக்காக வெட்டி 38 சென்ட் எடுத்தார்கள். மீதியில் 22 சென்ட் சாலைக்கு அந்தப் பக்கம் மூலையாகத் தங்கிவிட்டது. இழப்பீடு வந்தது. குறைவுதான், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இரண்டு.

ஒன்று, ஏரியிலிருந்து வந்த கால்வாய் சாலையைக் கடக்க ஒரு குழாய் பதித்தார்கள். அந்தக் குழாயின் அடிமட்டம் கால்வாயின் அடிமட்டத்தைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. ஏரி நிறைந்து கலங்கல் போகும் ஆண்டில் மட்டும் தண்ணீர் குழாயில் ஏறியது. மற்ற ஆண்டுகளில் சாலைக்குக் கீழ்ப்பக்கம் இருந்த பதினாறு பேருடைய நிலமும் மானாவாரி ஆனது. மனு கொடுக்காத அலுவலகம் இல்லை. "முன்பு மட்டம் என்னவாக இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டார்கள். ஆதாரம் இல்லை. கால்வாய் அங்கே தலைமுறை தலைமுறையாக ஓடியது என்பது ஊருக்கே தெரியும். எந்த உயரத்தில் ஓடியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது, நிலம் எடுத்தபோது அதில் கரும்பு நின்றது. அடங்கலில் அந்தப் பருவத்துக்குத் 'தரிசு' என்று பதிவாகியிருந்தது. பயிருக்கான தொகையில் ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை. அப்பா அடங்கல் நகலை அதுவரை ஒருமுறைகூட வாங்கிப் பார்த்ததில்லை. நானும் வேளாண்மை படித்துக்கொண்டிருந்தவன்தான், எனக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் ஏரிப் பாசன மாவட்டங்கள். இங்கே ஏரிகள் தனித்தனியாக இல்லை. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரத்து. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகிறது. அந்த நீர் போகும் வழியை இப்போதே நெடுஞ்சாலை பல இடங்களில் கடக்கிறது. சாலை அகலமாகும்போதும், சேவைச் சாலை போடும்போதும், நிலையத்துக்காக மேடு கட்டும்போதும் ஒவ்வொரு சிறுபாலமும் நீளும், அல்லது மாறும். ஒரு பாலத்தின் அடிமட்டம் ஓர் அடி தவறினால் கீழ்ப்பக்கம் பாசனம் போகும், மேல்பக்கம் மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும்.

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஊர்க் கொத்தனாரிடம் டியூப் லெவல் இருக்கும். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்தான். கோயில் படி, பள்ளிக்கூடச் சுவர், ஏரி மதகின் கல் என்று இடிக்க வாய்ப்பில்லாத ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு கால்வாயிலும், பாலத்துக்கு மேல்பக்கம் ஓரிடம், கீழ்ப்பக்கம் ஓரிடம் தூர் வாரி அடி தெரிந்தபின், அந்த அடையாளத்திலிருந்து எத்தனை அடி, எத்தனை அங்குலம் தாழ்வு என்று அளந்து எழுதுங்கள். தேதியோடு படம் எடுங்கள். புல வரைபடத்தின் நகலில் இடத்தைக் குறியுங்கள். கிராம சபையில் அதை வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறைக்கும், அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். விரிவான திட்ட அறிக்கைக்கான வடிகால் வரைபடம் தயாராகும் நேரத்தில் இந்தத் தாள் பொறியாளர் மேசையில் இருந்தால், அவரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அவர்களுக்கும் இப்படிப்பட்ட விவரம் கிடைப்பதில்லை.

அடங்கல், பத்திரம், நோட்டீஸ்

ஒவ்வொரு பருவத்திலும், அதாவது சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்றிலும், உங்கள் சர்வே எண்ணில் என்ன பயிர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தவறு இருந்தால் பயிர் வயலில் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் திருத்தக் கேளுங்கள். அறுவடைக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை. கிணறு, ஆழ்துளைக் குழாய், தென்னை, மா, நிலத்தடிக் குழாய் ஆகியவையும் பதிவில் இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, மரங்களையும் நிற்கும் பயிரையும் மதிப்பிட வேளாண்மை, தோட்டக்கலை, வனம், பட்டு வளர்ப்பு அனுபவம் உள்ளவர்களின் உதவியை ஆட்சியர் பெறலாம் என்கிறது. 'பெறலாம்' என்றுதான் இருக்கிறது. கேட்டால்தான் நடக்கும். விரிவாக்க அலுவலர்கள் இதை உழவர்களிடம் சொல்ல வேண்டும்.

எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் வருகிறது என்பது மிக முக்கியம். மத்திய அரசின் 2013 சட்டம் ஒன்று. தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலைகளுக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவையும் நடைமுறையில் உள்ளன. இந்த மாநிலச் சட்டங்களில் வந்தால், 2013 சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு போன்ற நடைமுறைகள் பொருந்தாது. ஆனால் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அட்டவணைகளின்படிதான் தர வேண்டும். ஆட்சேபணை தெரிவிக்கும் கெடு நோட்டீஸிலேயே இருக்கும். அந்தத் தேதியை வீட்டுச் சுவர் நாள்காட்டியில் எழுதிவிடுங்கள்.

இருபோகம், முப்போகம் விளையும் பாசன நிலத்தை எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று அன்று ஒருவர் கேட்டார். 10-ஆவது பிரிவு அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அதே பிரிவின் கடைசியில், ரயில் பாதை, நெடுஞ்சாலை, கால்வாய், மின்பாதை போன்ற நீள்வாக்கிலான திட்டங்களுக்கு இது பொருந்தாது என்றும் இருக்கிறது. அந்தப் பிரிவை மட்டும் நம்பி நிற்காதீர்கள். பாதைக்கு விதிவிலக்கு இருக்கலாம். பணிமனை நீள்வாக்கில் இல்லையே என்று வாதிட இடமுண்டு என்பது என் கருத்து. வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

சந்தை மதிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் நம் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. வழிகாட்டி மதிப்பு ஒரு புறம். மறுபுறம், அந்தக் கிராமத்தில் அல்லது அருகில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதிப் பத்திரங்களின் சராசரி. இவற்றில் எது கூடுதலோ அது. முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து எல்லோரும் விலையைக் குறைத்துப் பதிவு செய்தால், அந்தச் சராசரி எல்லோருக்கும் இறங்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கைமாறும் பணமும் பத்திரத்தில் உள்ள பணமும் எவ்வளவு வேறுபடும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தை மதிப்பின் மேல் கிராமப்புறத்துக்கான பெருக்கம், அதன் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை என்று ஏறும் கணக்கில், அடித்தளம் குறைந்தால் மேலே எல்லாமே குறையும்.

நிலம் துண்டாகிப் போனால், மீதி நிலத்துக்கு ஏற்படும் இழப்பையும் கணக்கில் எடுக்க 28-ஆவது பிரிவு இடம் தருகிறது. எங்கள் 22 சென்ட் மூலைக்கு அப்போது யாரும் அப்படிக் கேட்கவில்லை. பணம் வாங்கும்போது தொகை போதாது என்று நினைத்தால், 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதை எழுதாமல் வாங்கினால், கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடும்.

குத்தகை உழவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் ஒரு வரி. மூன்று ஆண்டுகளாக அந்த நிலமே முக்கிய வாழ்வாதாரம் என்றால் அவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகையை எதைக் காட்டி நிரூபிப்பது? குத்தகைப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்தது. பதிவு செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். உரம் வாங்கிய ரசீது, நெல் கொள்முதல் நிலையச் சீட்டு, பயிர்க் காப்பீட்டு ரசீது எதுவானாலும் எறியாமல் வையுங்கள்.

மண்ணுக்கு என்ன ஆகும்?

இனி என் துறை. தூண்களுக்கு ஆழமான குழி துளைத்துக் கான்கிரீட் இறக்குவார்கள். துளை சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்புவார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கரைசலை லாரியில் ஏற்றி அகற்ற வேண்டும். கவனக்குறைவாகப் பக்கத்துக் கால்வாயில் விட்டால், மிக நுண்ணிய அந்தக் களி வயலின் மேற்பரப்பில் படிந்து மண் துளைகளை அடைத்துவிடும். காய்ந்தால் ஓடு போல வெடிக்கும். கான்கிரீட் கலவை லாரிகளைக் கழுவிய தண்ணீர் இன்னும் மோசம். அதன் கார அமில நிலை 12 வரைகூடப் போகும். அந்தத் தண்ணீர் தொடர்ந்து பாய்ந்தால் மண்ணின் காரத்தன்மை உயரும். துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. நடவு நட்ட இரண்டு, மூன்று வாரத்தில் இலையில் துரு நிறப் புள்ளிகள் வந்து பயிர் குட்டையாக நிற்கும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இட்டுச் சமாளிக்கலாம். ஆனால் காரணமான தண்ணீரை நிறுத்தாமல் உப்பை மட்டும் போட்டுக்கொண்டே இருப்பது வீண் செலவு.

வார்ப்புக் களத்துக்கோ, வாகனங்கள் நிற்கவோ நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களையாவது எழுதி வாங்க வேண்டும். மேல்மண்ணை, குறைந்தது முக்கால் அடி, தனியே வாரி ஓரமாகக் குவித்து வைக்க வேண்டும். விற்கவோ சாலை மேட்டுக்குக் கொட்டவோ கூடாது. வேலை முடிந்ததும் கான்கிரீட் தளத்தையும் ஜல்லியையும் முழுவதும் அகற்ற வேண்டும். பிறகு மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். குத்தகைத் தொகை கண்ணைப் பறிக்கும். நெல்லில் அப்படி ஒரு வருமானம் பத்து வருடத்துக்கும் வராது என்று ஒருவர் என்னிடமே கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். நிலம் திரும்பி வரும்போது எப்படி இருக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கனரக வாகனம் ஓடிய மண் ஒன்றரை அடி ஆழம் வரை இறுகியிருக்கும். சாதாரணக் கலப்பையோ ரோட்டவேட்டரோ அதைத் தொடாது. மண் காய்ந்திருக்கும் கோடையில் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நீளவாட்டில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை ஓட்டி, ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழு உரமோ மட்க வைத்த தென்னை நார்க் கழிவோ இட வேண்டும். முதல் பருவம் தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். முதல் ஆண்டே பழைய விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், வேலை தொடங்கும் முன்பே மண் மாதிரி எடுத்துப் பரிசோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். அறிக்கை இல்லாவிட்டால், 'உங்கள் மண் முன்பே இப்படித்தான் இருந்தது' என்று சொல்லிவிடுவார்கள். வரப்பு, எருக்குவியல், மர நிழல், வாய்க்கால் ஓரம் தவிர்த்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அரை அடிக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, கால் பங்கீட்டு முறையில் அரை கிலோவாகக் குறைத்துக் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு லிட்டர் புட்டியில் கொடுங்கள். கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து எழுதுங்கள்.

ரயிலுக்கு முன்னால் வருகிற தரிசு

இத்தனையும் சொன்ன பிறகும், எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. ரயில் வருமுன் ரயில் வரும் என்ற செய்தி வந்துவிடுகிறது. செய்தி வந்த மறுமாதமே கல் நடுகிறார்கள். வாங்கியவர் பயிர் செய்வதில்லை. ஆயக்கட்டின் நடுவில் ஐந்து ஏக்கர் மனைக்கல் நட்டுக் கிடந்தால், அதில் சீமைக் கருவேலம் ஏறும், எலி வங்கு வைக்கும், சுற்றியுள்ள நெல்லைத்தான் அது தின்னும். வாய்க்கால் அந்த ஐந்து ஏக்கர் வழியாகப் போனால் அங்கே தூர் வார ஆளில்லை. கடைமடைக்காரர் தண்ணீர் வராமல் விடுவார். அவரும் தரிசு போட்டதும் நிலத்தை விற்பார். நான்கைந்து ஆண்டில் ஓர் ஏரியின் பாசனம் இப்படி முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எந்த நில எடுப்பும் நடக்கவில்லை. எந்த அலுவலகத்திலும் அதற்கு இழப்பீட்டுக் கோப்பு இல்லை.

விற்காதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் நெல் கட்டுபடியாகாதவரிடம் அதைச் சொல்வது நியாயமும் இல்லை. விற்கும்போது வாய்க்கால் புறம்போக்கு எவ்வளவு அகலம் என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதி, அளந்து கல் நட்டுக் கொடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். பக்கத்து வயல்காரர் அதை நம்பித்தான் இருக்கிறார்.

மெட்ரோவால் உழவருக்கு எந்த நன்மையும் இல்லை என்றும் நான் நினைக்கவில்லை. நிலையத்தின் கீழே வாகன நிறுத்தத்துக்கு இடம் ஒதுக்கும்போதே உழவர் சந்தைக்கு முப்பது, நாற்பது சென்ட் ஒதுக்கச் சொல்லலாம். 1999-இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியதிலிருந்து நாம் பார்த்தது, ஜனம் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சந்தைதான் நிற்கிறது. திட்டம் வரைபடமாக இருக்கும்போது கேட்டால் கிடைக்கலாம். கட்டி முடித்த பிறகு தேநீர்க் கடை வைக்கவும் இடம் இருக்காது.

இன்னொன்று, மழைநீர். மேம்பாலத் தளத்தின் அகலம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 10,000 சதுர மீட்டர் கூரை. ஆண்டுக்கு 1,200 மி.மீ. மழை என்றால் 1.2 கோடி லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். கணக்குப் போட்டால் சுமார் இரண்டரை ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர். அவ்வளவுதான். ஆனாலும் அதைச் சாலை வடிகாலில் விட்டு அடையாற்றுக்கு அனுப்புவதைவிட, பக்கத்து ஏரியின் வரத்துக் கால்வாயில் வண்டல் தொட்டி வைத்து இணைக்கக் கேட்கலாம். சாலையில் சிந்தும் எண்ணெயோடு அது கலக்காமல் தனிக் குழாயில் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அன்று கேள்வி கேட்ட பெரியவர் கூட்டம் முடிந்து என்னைத் தன் வயலுக்கு அழைத்துப் போனார். நெடுஞ்சாலைச் சிறுபாலத்திலிருந்து நூறடி தூரம். பாலத்தின் வாயில் பாதி வரை மண் தூர்ந்து, மேலே நெகிழிப் பைகள். கால்வாயின் அடி எங்கே இருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தோம். இரண்டே கால் அடிக்குக் கீழே பழைய செங்கல் பாவிய தளம் தட்டுப்பட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மதகுக் கல்லிலிருந்து அதற்கு எத்தனை அடி என்று அளக்கக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.